மியூஸ்ஸ்கோர் 4: டோரியனில் ஏழு தட்டுப் பாட்டு எழுத உட்கார்ந்தால்

நாலு தட்டு, மேஜர் ஸ்கேல், மூன்று கார்ட் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு). இப்படிப்பட்ட பாட்டுக்கு, இசையைக் குறியீட்டில் எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோர் எப்படி என்று எழுதியவர்கள் நிறைய இருக்கிறார்கள். டோரியன், ஃப்ரிஜியன், மிக்ஸோலிடியன் போன்ற சர்ச் மோடுகளில் (பழைய தேவாலய இசையின் சுரவரிசைகளில்), அதுவும் 5, 7, 11 என்ற ஒற்றைப்படைக் கணக்கில் பாட்டு கட்டுகிறவருக்கு அது எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்த வேலையைப் புதிதாகத் தொடங்குகிறவருக்கு முதலில் கைகாட்டவேண்டிய மென்பொருள் இதுதான். ஆனால் இரண்டு விஷயம் அதற்குத் தெரியாது. எந்தச் சுரம் வீடு, அதாவது ஆதார சுரம், என்று தெரியாது, ஏழு தட்டில் எடை எங்கே விழுகிறது என்று தெரியாது. ஷார்ப் (அரை ஸ்வரம் ஏற்றும் குறி), ஃபிளாட் (இறக்கும் குறி) எத்தனை என்று எண்ணும். ஒரு பாரில் (ஒரு தாளச் சுற்றில்) எத்தனை தட்டு என்று எண்ணும். மற்றதை எழுதுகிறவர்தான் சொல்லித்தர வேண்டும். சொல்லித்தர வழிகள் உள்ளேயே இருக்கின்றன, பலரும் திறந்து பார்க்காத மெனுக்களில்.

நிறுவுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெர்னர் ஷ்வேர் 2002-இல் தொடங்கிய திட்டம் இது. நான்காம் பதிப்பு 2022 டிசம்பரில் வந்தது, பிறகு மியூஸ்ஸ்கோர் ஸ்டூடியோ என்று பெயர் மாறியது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், முழுக்க இலவசம், மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. ஒரே எச்சரிக்கை: டாட் ஆர்க் என்று முடியும் தளத்தில்தான் மென்பொருள் இருக்கிறது. டாட் காம் என்று முடிவது ஸ்கோர்களைப் பகிரும் தளம், அங்கே சந்தா கேட்பார்கள். மென்பொருளுக்கே காசு என்று நினைத்துத் திரும்பிப்போகிறவர்கள் உண்டு. கைபேசிச் செயலியில் ஸ்கோரைப் பார்க்கலாம், கேட்கலாம், எழுத முடியாது. எழுதக் கணினி வேண்டும்.

வீடு எது என்று அதற்குத் தெரியாது

மோடு என்பது நமக்குப் புதிய சரக்கு அல்ல. சி-யிலிருந்து சி வரை வெள்ளைக் கட்டைகளை வாசித்தால் அயோனியன், நம் சங்கராபரணம். அதே வெள்ளைக் கட்டைகளில் டி-யை ஸட்ஜமாக வைத்தால் டோரியன், அது கரகரப்ரியா. ஈ-யை வைத்தால் ஃப்ரிஜியன், தோடியின் சுரங்கள். எஃப் லிடியன், கல்யாணி. ஜி மிக்ஸோலிடியன், ஹரிகாம்போஜி. ஏ ஏயோலியன், நடபைரவி. பி-யை வைத்தால் பஞ்சமமே கிடைக்காது. அதனால்தான் லோக்ரியனுக்கு இணையான மேளகர்த்தா (தாய் ராகம்) இல்லை. ஹைன்ரிஷ் கிளாரியன் 1547-இல் எட்டு மோடுகளைப் பன்னிரண்டாக விரித்தபோதும், பி-க்கு மேல் நிற்கும் எஃப் குறைந்த பஞ்சமமாக இருப்பதால் அதைத் தள்ளியே வைத்தார். ஒரே சுரவரிசையில் ஆதார சுரத்தை மட்டும் நகர்த்தி ஏழு பாலைகளைப் பிறப்பிக்கும் முறை பழந்தமிழ் இசையிலும் உண்டு. செம்பாலையை ஹரிகாம்போஜி என்று கொண்டால், படுமலை, செவ்வழி, அரும்பாலை என்று வரிசையாக இதே ஏழும் வந்து நிற்கும்.

சுரங்கள் ஒத்துப்போகின்றன என்பதற்காக டோரியனில் எழுதியது கரகரப்ரியா ஆகிவிடாது. கமகமும் பிடிப்பும்தான் ராகம். ஆனால் சுரக்கூட்டம் காதில் ஏற்கெனவே இருப்பதால், மேற்கத்திய மாணவர் வாரக்கணக்கில் பழகும் வாசனையைத் தமிழ்க் காது சட்டென்று பிடித்துக்கொள்ளும். இந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளாமல் விடக்கூடாது.

மியூஸ்ஸ்கோரின் கீ சிக்னேச்சர் (வரியின் தொடக்கத்தில் நிற்கும் ஷார்ப், ஃபிளாட் தொகுப்பு) பட்டியலில் மேஜர், மைனர் பெயர்கள் மட்டுமே இருக்கும், டோரியன் என்று தனியாக ஒன்று கிடையாது. டி டோரியனுக்குச் சி மேஜரின் வெற்றுச் சிக்னேச்சரைப் போட வேண்டும். டி மைனரின் ஒரு ஃபிளாட்டைப் போட்டுவிட்டு ஒவ்வொரு பி-க்கும் அதை நீக்கும் நேச்சுரல் குறி போடுகிறவர்களும் இருக்கிறார்கள். பாடுகிறவருக்கு அது தொல்லை. பாட்டின் உயிரே அந்த பி நேச்சுரல்தான். அது விதிவிலக்கைப் போல வேஷம் கட்டிக்கொண்டு நிற்கும்.

வேறு கட்டையில் எழுதுவதென்றால் கணக்கு எளிது. மேஜர் சிக்னேச்சரோடு ஒப்பிட்டால் லிடியனுக்கு ஒரு ஷார்ப் கூடும், மிக்ஸோலிடியனுக்கு ஒரு ஃபிளாட் கூடும், டோரியனுக்கு இரண்டு, ஏயோலியனுக்கு மூன்று, ஃப்ரிஜியனுக்கு நாலு, லோக்ரியனுக்கு ஐந்து. ஜி டோரியன் வேண்டுமென்றால் ஜி மேஜரின் ஒரு ஷார்ப் போய் ஒரு ஃபிளாட் வரும், அதாவது எஃப் மேஜரின் சிக்னேச்சர். சரி எஃப் மேஜர் என்று பட்டியலில் பார்த்ததும் தயங்க வேண்டாம், போட்டுவிடுங்கள்.

போட்ட கீ சிக்னேச்சரை ஒருமுறை கிளிக் செய்து இடது பக்கப் ப்ராப்பர்ட்டீஸ் பலகையைப் பாருங்கள். மோடு என்று ஒரு இறங்குபட்டியல் இருக்கிறது. டோரியன் முதல் லோக்ரியன் வரை எல்லாப் பெயரும் அதில் உண்டு. அடடா, கிடைத்துவிட்டது என்று தோன்றும். ஆனால் அதை மாற்றினால் ஒரு சுரமும் அசையாது, ஒலியும் மாறாது. கோப்போடு போகும் குறிப்பு அது, அவ்வளவுதான். இருந்தாலும் நிரப்பிவைப்பது நல்லது. ஆறு மாதம் கழித்துக் கோப்பைத் திறக்கும்போது எந்த வீட்டை நினைத்து எழுதினோம் என்று அது சொல்லும்.

இந்த மென்பொருளில் மோடு எழுதுகிறவருக்கு உண்மையான பரிசு வேறொரு இடத்தில் இருக்கிறது. சுரங்களைத் தேர்ந்தெடுத்து ஆல்ட், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு மேல் அம்பை அழுத்தினால், அரை ஸ்வரம் அரை ஸ்வரமாக ஏறாமல், கீ சிக்னேச்சருக்குள் இருக்கும் அடுத்த படிக்கு எல்லாச் சுரமும் ஏறும். டி டோரியனில் எழுதிய மெட்டை முழுக்கத் தேர்ந்து மூன்று முறை அழுத்துங்கள். டி இருந்த இடத்தில் ஜி நிற்கும்; மெட்டு அதே மெட்டு, மோடு இப்போது மிக்ஸோலிடியன். கிரகபேதத்தை, அதாவது ஆதார சுரத்தை நகர்த்தி வேறு ராகம் காட்டுவதை, தாளில் பார்ப்பது போல இருக்கும். அந்த மிக்ஸோலிடியன் டி-யிலேயே வேண்டுமென்றால், டூல்ஸ் மெனுவில் டிரான்ஸ்போஸ் எடுத்து, க்ரோமாட்டிக் வகையில் இடைவெளி முறையைத் தேர்ந்து, பெர்ஃபெக்ட் ஃபோர்த் கீழே என்று சொல்லுங்கள். கீ சிக்னேச்சரையும் மாற்று என்ற கட்டத்தில் டிக் இருக்கட்டும். டி மிக்ஸோலிடியன் ஒரு ஷார்ப்போடு வந்துவிடும். அதே பெட்டியில் இருக்கும் கீ-க்கு மாற்று என்ற வழியைத் தொட வேண்டாம். அங்கே மேஜர், மைனர் பெயர்கள்தான் வரும். மோடில் எழுதுகிறவர் பெரும்பாலும் தவறான கட்டையில் போய் விழுவார்.

இன்னொரு அடிக்கடி நிகழும் தவறு: மெட்டு எழுதியபின் மோடை மாற்ற நினைத்து, பட்டியலிலிருந்து வேறு கீ சிக்னேச்சரை இழுத்துப் போடுவது. மியூஸ்ஸ்கோர் ஏற்கெனவே எழுதிய சுரங்களின் உயரத்தைக் காப்பாற்றும். ஆகவே மோடு மாறாது. பக்கம் முழுக்க நேச்சுரல், ஷார்ப் குறிகள்தான் முளைக்கும். மாற்றுவதென்றால் மேலே சொன்ன படி நகர்த்தும் வழிதான்.

கார்டில்தான் மோடு கெடும்

மோடில் எழுதத் தொடங்குகிறவர்களின் முதல் பத்து பாட்டுகளில் பெரும்பாலும் மெட்டு சரியாகவே இருக்கும். கெடுப்பது கார்ட். டி டோரியனில் எழுதிக்கொண்டே போய், எங்கோ ஒரு இடத்தில் ஜி செவன்த்திலிருந்து சி-க்கு இறங்கிவிட்டால் போதும், கேட்கிறவரின் காது சி மேஜரில் போய் உட்கார்ந்துவிடும். அதன்பிறகு டி-யில் முடித்தாலும் பாட்டு பாதியில் நின்றது போலத்தான் இருக்கும். டோரியனுக்கு டி மைனரும் ஜி மேஜரும் மாறி மாறி வருவதே போதுமான அடித்தளம். ஜி-யில் இருக்கும் பி நேச்சுரல்தான் டோரியனின் முகம். சி கார்ட் வரலாம், ஆனால் அது டி மைனருக்குத் திரும்பிப் போக வேண்டும். ஏ மேஜர் போட்டால் சி ஷார்ப் வந்து சாதாரண மைனர் ஆகிவிடும். பி ஃபிளாட் போட்டால் ஏயோலியன். பழைய சர்ச் கீதங்களில் எஃப்-பி இடைவெளியின் கரகரப்பைத் தவிர்க்க டோரியனிலேயே பி ஃபிளாட் பாடிய வழக்கம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் இன்றைய காதுக்கு டோரியனை அடையாளம் காட்ட வேண்டுமென்றால் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளாமல் இருப்பதே நல்லது.

மற்ற மோடுகளில் கவனிக்க வேண்டியவை குறைவு. ஃப்ரிஜியனில் ஈ மைனரும் எஃப் மேஜரும் உரசும் இடமே உயிர். முடிக்கும் ஆசையில் ஜி ஷார்ப் சேர்த்தால் ஏ மைனர் வாசலில் நிற்பீர்கள். லிடியனில் பாஸில் எஃப்-ஐப் பிடித்தபடியே மேலே ஜி மேஜர் வைக்க வேண்டும். மிக்ஸோலிடியனில் ஜி, எஃப், சி மூன்றும் சுற்றிவரலாம். டி மேஜரை மட்டும் கூப்பிடாதீர்கள். லோக்ரியனில் வீட்டுக் கார்டே டிமினிஷ்ட், பஞ்சமம் குறைந்தது. அதில் முழுப்பாட்டு எழுதுவது சுவரில்லாத வீட்டில் குடியிருப்பது மாதிரி. ஒரு இடையிசைக்கு மேல் வேண்டாம்.

கண்ட்ரோல், கே அழுத்தினால் கார்ட் பெயரை நேரடியாகத் தட்டலாம், நான்காம் பதிப்பு அதை ஒலித்தும் காட்டும். இந்த வசதியைப் பாராட்டியே ஆக வேண்டும். சி-க்கு இறங்கியது தாளில் தெரியாது, காதில் உடனே தெரியும்.

சர்ச் மோடுகளின் பழைய இலக்கணத்தில் இன்னொரு செய்தி இருக்கிறது. மோடு என்றால் சுரவரிசை மட்டும் அல்ல, குரல் எந்த எல்லைக்குள் உலாவ வேண்டும் என்பதும் சேர்ந்ததுதான். முதல் மோடான டோரியன் டி-யிலிருந்து மேல் டி வரை போகும், ஏ-யில் நின்று ஓதும். இரண்டாம் மோடான ஹைப்போடோரியன் அதே டி-யில் முடிந்தாலும் கீழ் ஏ-யிலிருந்து மேல் ஏ வரைதான். ஓதும் சுரம் எஃப். இதை மியூஸ்ஸ்கோரிடம் சொல்லிவைக்கலாம். ஸ்டாஃபை (ஐந்து கோட்டு வரியை) வலது கிளிக் செய்து ஸ்டாஃப்/பார்ட் ப்ராப்பர்ட்டீஸ் திறந்தால், அந்தக் கருவிக்கான சுர எல்லை இரண்டு வகையாக இருக்கும், பயிலுநருக்கு ஒன்று, தொழில்முறைக் கலைஞருக்கு ஒன்று. பயிலுநர் எல்லையில் மோடின் எல்லையைக் கொடுங்கள். அதைத் தாண்டும் சுரம் நிறம் மாறி நிற்கும். பாடற்குழுவுக்கு எழுதுகிறவர்களுக்கு இது இரட்டை லாபம்: மோடின் எல்லையும் காக்கப்படும், உச்சக்குரல் பாடும் சோப்ரானோக்களின் தொண்டையும் காக்கப்படும்.

ஏழு என்றால் எந்த ஏழு?

இனி தாளம். 7/8 (எட்டில் ஒரு பங்கு அளவுள்ள க்வேவர் சுரங்கள் ஏழு) என்று எழுதுவதில் பாதித் தகவல்தான் இருக்கிறது. பல்கேரிய ரச்செனித்சா நடனமும் ஏழுதான், லெஸ்னோட்டோவும் ஏழுதான். முன்னது 2+2+3, பின்னது 3+2+2. இரண்டையும் ஒரே பாட்டுக்கு ஆடச்சொன்னால் கால் பின்னிக்கொள்ளும். நம் மிஸ்ர சாபு தகிட தகதிமி என்று 3+4; கண்ட சாபு தக தகிட, 2+3. சாபு தாளம் கைவந்தவருக்கு 5/8, 7/8 எல்லாம் பயமுறுத்தும் எண்கள் அல்ல. ஆனால் தாளில் எழுதும்போது பிரிப்பைக் கண்ணுக்குக் காட்டாவிட்டால், சாபு தெரிந்தவரும் தடுமாறுவார்.

மியூஸ்ஸ்கோரில் பட்டியலிலிருந்து 7/8-ஐ இழுத்துப் போட்டதும் க்வேவர்களைச் சேர்த்துக் கட்டும் பீம்களுக்கு ஒரு பிரிப்பை அதுவே எடுத்துக்கொள்ளும். உங்கள் பாட்டின் பிரிப்பு அதுவாக இருக்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. ஆகவே ஒரு சுரம் எழுதுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். போட்ட 7/8-ஐ வலது கிளிக் செய்து டைம் சிக்னேச்சர் ப்ராப்பர்ட்டீஸ் திறந்தால், உரைக்கான இரண்டு பெட்டிகள் இருக்கும். மேல் பெட்டியில் 7-ஐ அழித்துவிட்டு 3+2+2 என்று தட்டலாம். கீழே 8 அப்படியே இருக்கட்டும். அச்சில் 3+2+2/8 என்று வரும், பாடுகிறவருக்குக் கேள்வியே எழாது.

அதே பெட்டியின் கீழ்ப்பகுதியில் க்வேவர், செமிக்வேவர் (அதில் பாதி), டெமிசெமிக்வேவர் (அதில் கால்) என மூன்று வரிசை இருக்கிறது. ஒரு சுரத்தைக் கிளிக் செய்தால் அதற்கு முன்னால் பீம் உடையும். 3+2+2 வேண்டுமானால் க்வேவர் வரிசையில் நாலாவதும் ஆறாவதும். செமிக்வேவர் வரிசையில் ஏழாவதும் பதினொன்றாவதும். சிறிய சுரங்களையும் சேர்த்து மாற்று என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டுக் கிளிக் செய்தால் மூன்று வரிசையிலும் ஒரே தடவையில் முடிந்துவிடும். பலர் க்வேவர் வரிசையை மட்டும் மாற்றிவிட்டு, செமிக்வேவர் வரும் இடத்தில் பீம் எங்கோ ஒட்டிக்கொண்டு போவதைப் பார்த்து மென்பொருளைத் திட்டுகிறார்கள்.

இவ்வளவு செய்த தாளக்குறியைச் சும்மா விடக்கூடாது. கண்ட்ரோல், ஷிஃப்ட் பிடித்தபடி அதை இழுத்துப் பலகையில் போட்டால், பிரிப்போடு சேர்ந்து அங்கேயே தங்கிவிடும். அடுத்த பாட்டுக்கு மறுபடி கட்ட வேண்டியதில்லை. ஐந்துக்கு இரண்டு, ஏழுக்கு மூன்று, பல்கேரிய நடனமான கோப்பனித்சா வகைப் பதினொன்றுக்கு 2+2+3+2+2 என்று ஒரு சிறு சேமிப்பு வைத்துக்கொண்டால் வேலை பறக்கும்.

பீம் சரியானால் எல்லாம் சரி என்று நினைக்க வேண்டாம். நீளமான சுரங்களை மியூஸ்ஸ்கோர் பிரித்துத் தராது. தட்டியது தட்டியபடியே நிற்கும். 3+2+2-இல் மூன்றாம் க்வேவர் இடத்தில் ஒரு க்ராச்செட் (இரண்டு க்வேவர் நீளம்) போட்டால், அது மூன்றையும் நாலையும் விழுங்கிவிடும். இரண்டாம் கூட்டத்தின் தலை எங்கே என்று பாடுகிறவருக்குத் தெரியாது. அதை இரண்டு க்வேவராக எழுதி டை (வளைகோடு) போட்டு இணைக்க வேண்டும். டூல்ஸ் மெனுவில் இருக்கும் ரீக்ரூப் ரிதம்ஸ் இதைத் தானாகச் செய்யும் என்று நம்பி முழு ஸ்கோரையும் தேர்ந்து அழுத்திவிடாதீர்கள். வழக்கமான தாளங்களுக்கு அது நல்ல கருவி. ஒற்றைப்படைத் தாளத்தில், இரண்டு பாரில் சோதித்துப் பார்க்காமல் அதை ஏவுவது நல்லதல்ல.

சொல்லும் தாளமும்

இந்த இடத்தில் ஒரு சின்ன வரியைக் கையில் எடுத்துக்கொள்வோம். மழையே நீ வா. ம, ழை, யே மூன்றும் ஒவ்வொரு க்வேவர். நீ நெடில், அதற்கொரு க்ராச்செட். வா நெடில், அதற்கும் ஒன்று. மூன்று, இரண்டு, இரண்டு, ஏழு நிறைந்தது. இப்போது சொற்களை மட்டும் இடம் மாற்றுங்கள்: நீ வா மழையே. இரண்டு, இரண்டு, மூன்று. லெஸ்னோட்டோ ரச்செனித்சா ஆகிவிட்டது, பொருள் மாறவில்லை. சொல்லை முன்னும் பின்னும் மாற்றிப்போட இடம்கொடுக்கும் தமிழ், ஒற்றைப்படைத் தாளத்துக்குக் கிடைத்த பெரிய வசதி. தமிழில் சொல்லின் முதலெழுத்தில்தான் அழுத்தம் விழும். ஆகவே ஒவ்வொரு கூட்டத்தின் தலையிலும் ஒரு சொல் தொடங்கட்டும். மழையே என்ற சொல்லின் நடுவில் கூட்டம் உடைந்தால், எவ்வளவு நல்ல மெட்டும் கல் தடுக்கியது போல இருக்கும்.

டி டோரியனில் அதற்கு ஒரு மெட்டு: முதல் பாரில் ஏ, பி, ஏ, பிறகு ஜி, பிறகு எஃப். இரண்டாம் பாரில் ஈ, எஃப், ஈ, பிறகு சி, பிறகு டி. முதல் பாரின் இரண்டாம் சுரத்திலேயே பி நேச்சுரல் வந்து டோரியன் என்று சொல்லிவிடுகிறது. முடிவில் சி-யிலிருந்து முழு ஸ்வரம் ஏறி டி-யில் அமர்கிறது. சி ஷார்ப் இல்லை. தட்டுவதும் எளிது. என் (N) விசையால் எழுதும் நிலைக்குப் போய், க்வேவருக்கு 4, மூன்று சுர எழுத்துகள், க்ராச்செட்டுக்கு 5, இரண்டு எழுத்துகள். ஒரு பார் பத்து நொடிகூட ஆகாது.

தமிழ் வரிகளைச் சேர்க்க முதல் சுரத்தைத் தேர்ந்து கண்ட்ரோல், எல். ஸ்பேஸ் அடுத்த சுரத்துக்கு நகர்த்தும். சொல்லின் நடுவில் இருந்தால் ஹைஃபன். ஒரே அசை பல சுரங்களுக்கு நீண்டால் அடிக்கோடு. ஒலிபெயர்ப்பு முறையில் தமிழ் தட்டுகிறவர்களுக்கு இங்கே ஒரு இடைஞ்சல் வரலாம்: ஸ்பேஸ் அடித்ததும் விசைப்பலகைக் கருவியே அதை எடுத்துக்கொண்டால் மியூஸ்ஸ்கோர் நகராது. அதைவிட நல்ல வழி, வரியை ம-ழை-யே நீ வா என்று வேறெங்காவது அசை பிரித்து எழுதி நகலெடுத்து, இங்கே முதல் சுரத்தில் நின்று கண்ட்ரோல், வி-யைத் திரும்பத் திரும்ப அழுத்துவது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஓர் அசை விழுந்து அடுத்த சுரத்துக்குப் போகும். எழுத்துருவையும் மறக்க வேண்டாம். இயல்பாக வரும் எட்வின் எழுத்துருவில் தமிழ் இல்லை. கணினி ஏதோ ஒன்றைக் கொண்டுவந்து ஒட்டும். ஃபார்மட் மெனுவில் ஸ்டைல், அதற்குள் டெக்ஸ்ட் ஸ்டைல்ஸ் போய், லிரிக்ஸ் ஒற்றைப்படை வரி, இரட்டைப்படை வரி இரண்டுக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ் போல ஒன்றைக் கொடுங்கள். ஒன்றுக்கு மட்டும் கொடுத்தால் இரண்டாம் சரணம் வேறு எழுத்தில் வரும்.

கேட்கும்போது

தட்டை ஒலிக்கும் மெட்ரோனோமைப் போட்டுவிட்டு 7/8-ஐ ஓட்டினால் ஏமாற்றமாக இருக்கும். பீமுக்கு நீங்கள் சொன்ன பிரிப்பு மெட்ரோனோமுக்குப் போவதில்லை. தட்டுகள் சீராக விழும், பார் தொடங்கும் இடம் மட்டும் தெரியும். இந்த மென்பொருளின் பெரிய குறை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும். பாடிப் பழக அது உதவாது.

சரிசெய்ய ஒரே ஒரு கூடுதல் ஸ்டாஃப் போதும். கீழே ஒரு செல்லோவைச் சேர்த்து, முதல் பாரில் தாழ்ந்த டி-யை மூன்று முறை எழுதுங்கள்: புள்ளி வைத்த க்ராச்செட் (மூன்று க்வேவர் நீளம்) ஒன்று, சாதா க்ராச்செட் இரண்டு. பாரைத் தேர்ந்து ஆர் விசையை அழுத்த அழுத்த அது அடுத்தடுத்த பார்களில் நகலாகும். இந்த ஒரு ஸ்டாஃப் இரண்டு வேலை செய்கிறது. 3+2+2-இன் எடையைக் காட்டுகிறது. டி-யை விடாமல் பிடித்து வீட்டையும் காட்டுகிறது. சுருதியும் தாளமும் ஒரே கம்பியில். மேலே எழுதும் கார்ட் சி மேஜர் பக்கம் சாய்ந்தால் இந்த டி உடனே முறுக்கிக்கொண்டு காட்டிக்கொடுக்கும். பாட்டு முடிந்ததும் ஸ்டாஃபை நீக்கிவிடலாம். பல பாட்டுகளில் நீக்க மனம் வராது.

மெட்டிலேயே எடை கேட்க வேண்டுமென்றால் கூட்டத் தலையிலுள்ள சுரங்களைத் தேர்ந்து ஷிஃப்ட், வி அழுத்தி அக்சென்ட் போடுங்கள். அச்சில் அது வேண்டாமென்றால் குறிகளைத் தேர்ந்து வி விசையை அழுத்தினால் மறைந்துவிடும். ஒலியில் மட்டும் இருக்கும்.

வேகத்தை எப்போதும் க்வேவரில் சொல்லுங்கள். டெம்போ பலகையில் க்வேவர் போட்ட குறி இருக்கிறது. அதை எடுத்து எண்ணை மாற்றினால் போதும். க்வேவர் 210 என்றால் ஏழு தட்டுப் பார் சரியாக இரண்டு நொடி. க்ராச்செட் 105 என்று எழுதினாலும் வேகம் அதேதான். ஆனால் மூன்று க்வேவர் கொண்ட கூட்டத்தில் க்ராச்செட் எங்கே இருக்கிறது என்று குழுத் தலைவர் தேடிக்கொண்டிருப்பார். 7/8-க்கும் 5/8-க்கும் மாறும் பாட்டில் மாறாமல் நிற்பதும் க்வேவர்தான்.

அப்படி மாறும் பாட்டில் ஒரு கண்ணி இருக்கிறது. நடுவில் ஒரே ஒரு பார் 5/8 வேண்டும் என்று அந்தப் பாரில் 5/8-ஐப் போட்டால், அடுத்த தாளக்குறி வரும்வரை இருக்கும் எல்லா பார்களும் ஐந்தைந்தாக மறுபடி வெட்டப்படும். டை போட்ட சுரங்கள் பக்கம் முழுக்கச் சிதறும். ஆகவே பின்னாலிருந்து வாருங்கள். முதலில் அடுத்த பாரில் உங்கள் 7/8-ஐ மறுபடி போட்டுவிட்டு, அதன்பிறகு இந்தப் பாரில் 5/8. இந்தப் பாரைக் காலியாக வைத்துக்கொண்டு செய்தால் இன்னும் சுத்தம். குறியே காட்டாமல் ஒரு பாரைக் குறைக்க வேண்டுமென்றால், பாரின் ப்ராப்பர்ட்டீஸில் உண்மை நீளத்தை 5/8 ஆக்கிவிடலாம்.

ஒலித்தரத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. மியூஸ் ஹப் என்ற தனிச் செயலி வழியாகக் கிடைக்கும் மியூஸ் சவுண்ட்ஸ் ஒலிகள் இலவசம். தந்திகளும் பாடற்குழுவும் அழகாக இருக்கின்றன. பல ஜிகாபைட் இறக்க வேண்டியிருக்கும், பழைய மடிக்கணினியில் மூச்சு வாங்கும். அப்போது கூடவே வரும் அடிப்படை ஒலிகளே போதும். பாடற்குழு ஒலி உங்கள் வரிகளைப் பாடாது. கமகத்தை எதிர்பார்த்து இதன் முன்னால் உட்காரக்கூடாது.

வேறு என்ன இருக்கிறது?

இதே வேலைக்கு லில்லிபாண்டையும் பார்க்கலாம், அதுவும் இலவசம். அதில் கீ என்று எழுதி, டி, டோரியன் என்று நேரடியாகவே சொல்லலாம். ஏழு மோடுகளின் பெயரும் அதற்குத் தெரியும். தாளக்குறியோடு 3,2,2 என்று எழுதினால் பீம் பிரிந்துவிடும். மியூஸ்ஸ்கோரில் மூன்று பெட்டி திறந்து செய்யும் வேலை அதில் இரண்டு வரி. ஆனால் அதில் எல்லாமே நிரல் போலத் தட்டெழுத வேண்டும். மெட்டைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்துக்கு அது சரிப்படாது, முடிந்த பாட்டை அழகாக அச்சிட மட்டுமே ஏற்றது. டோரிக்கோ என்ற மென்பொருளில் ஷிஃப்ட், எம் அழுத்தித் திறக்கும் பெட்டியில் பகர அடைப்புக்குள் 3+2+2 என்று தட்டி /8 சேர்த்தால், அச்சில் 7/8 என்று வந்து பிரிப்பு உள்ளே போய்விடும். சுரங்களையும் அந்தப் பிரிப்புக்கு ஏற்ப அதுவே டை போட்டு எழுதும். ஒற்றைப்படைத் தாளம் ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால் டோரிக்கோதான் மேல். அதன் முழுப் பதிப்புக்கு நல்ல விலை கொடுக்க வேண்டும்; இலவசப் பதிப்பில் கருவிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. ஃபினாலே என்ற மென்பொருளில் பழைய கோப்புகள் வைத்திருப்பவர்கள் அவற்றை மியூஸிக் எக்ஸ்எம்எல் ஆக மாற்றி இங்கே கொண்டுவரலாம். 2024 ஆகஸ்டில் அதன் வளர்ச்சி நிறுத்தப்பட்டுவிட்டது. கொண்டுவந்ததும் தாளக்குறிகளின் பீம் பிரிப்பை ஒருமுறை சரிபாருங்கள்.

அச்சுக்குப் போகும் முன் ஒரு வேலை பாக்கி. தமிழ்க் கிறித்தவக் கீர்த்தனைப் புத்தகங்களில் பாட்டின் தலையில் ராகமும் தாளமும் போடும் வழக்கம் இருக்கிறது. அதையே இங்கும் செய்யுங்கள். முதல் பாரைத் தேர்ந்து கண்ட்ரோல், டி (T) அழுத்தி, டி டோரியன், 3+2+2 என்று எழுதுங்கள். பிறகு பி.டி.எஃப். எடுத்து, வரிகளில் கொம்பும் கால்களும் சரியான இடத்தில் நிற்கின்றனவா, யே என்பதன் ஏகாரம் முன்னால் இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் குழுவுக்கு அனுப்புங்கள்.